மூதறிஞரும் வானொலியும்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தைத் தொட்டுக்கொண்டு விளங்கும் நகரம் ஓசூர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் அது. இன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கி நாள்தோறும் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகச் செல்வதைக் காணலாம். ஊர்திகளும் கடிகாரங்களும் செய்யும் பெருந் தொழிற்சாலைகள் அங்கே நிறைந்துள்ளன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் கலந்து கேட்கும். வானொலிப் பெட்டியைச் சற்றே திருகினால் பெங்களூர் கன்னடத்தில் பேசும். மேலும் திருகினால் தருமபுரி தமிழில் பேசும்.

தொழிற்சாலை ஒன்றும் எழாத காலத்தில், வானொலி என்னும் சொல்லே பிறவாத காலத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநராக வீற்றிருந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரே அக்குழந்தை. இராஜாஜி என்றும் மூதறிஞர் என்றும் நாடு அவரை அழைத்தது. அவருடைய அரசியல் வரலாற்றை முழுதும் விரித்துரைக்க இங்கு இடமில்லை. செய்தி மக்களைச் சென்றடையும் வழிகள் பறையறைதலிலிருந்து வானொலி வரை வளர்ந்தமையை ஒரே வாழ்நாளில் கண்டவர் அவர். அவ்வழிகளுட் பலவற்றைத் தாமே கையாண்டார்; சிலவற்றால் தாக்கவும் பட்டார். அந்நோக்கில் அவர் வாழ்வைக் காண்போம்.

இராஜாஜியின் தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்கார் தொரப்பள்ளியின் கிராம முன்சீப்பாக இருந்தார். அக்காலத்தில் அரசாங்கத்தின் ஆணை ஊருக்கு வந்து சேரும் வாயில் முன்சீப்பின் வீடே. வரி கட்ட வேண்டிய நாளும், நோய்த் தடுப்புக்குரிய எச்சரிக்கையும் அங்கு வந்து, பிறகு தண்டோரா வாயிலாகத் தெருத் தெருவாகச் செல்லும். கேட்டவர் கேட்டதே செய்தி. ஏன் என்று பறையைத் திருப்பிக் கேட்பார் யாருமில்லை. ஊரார் தமக்குள் பேசும் செய்தி வேறு; அது சந்தையிலும் சாவடியிலும் பிறந்து, வாய்க்கு வாய் உருமாறிச் சென்றது. அரசின் ஒருவழிக் குரலும், ஊரின் வதந்தியும் என்னும் இவ்விரண்டுக்கும் நடுவே நாட்டுப்புறம் வாழ்ந்தது.

ஓசூரில் பள்ளிப்படிப்பும், பெங்களூர் மத்தியக் கல்லூரியில் மேற்படிப்பும், சென்னையில் சட்டப்படிப்பும் முடித்த இராஜாஜி, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். அவர் மாணவராயிருந்த அவ்வாண்டுகளில்தான் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போசும், ஐரோப்பாவில் மார்க்கோனியும் கம்பியில்லாமல் மின்னலைகளை அனுப்பிக் காட்டினர். 1901ஆம் ஆண்டு மார்க்கோனியின் குறியொலி அட்லாண்டிக் மாகடலையே கடந்தது. அந்த அலைகளில் மனிதக் குரல் ஏறிப் பொதுமக்கள் செவிக்கு எட்ட இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

சேலத்தில் இருந்தபோது இராஜாஜி மேற்கொண்ட பணி ஒன்றை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். 1916ஆம் ஆண்டு அவர் நண்பர்களுடன் சேர்ந்து தமிழ் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். புதிய அறிவு எதுவாயினும் அது தாய்மொழியில் சொல்லப்பட்டாலன்றி எளியோரைச் சேராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆங்கிலம் நன்கு கற்ற வழக்கறிஞர்கள் இப்படிப்பட்ட வேலையில் இறங்குவது அந்நாளில் அரிது.

1921ஆம் ஆண்டு டிசம்பரில் ஒத்துழையாமைப் போரில் சிறை புகுந்து, மூன்று திங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். 1922இல் காந்தியடிகள் சிறைப்பட்டபின், அடிகளின் யங் இந்தியா இதழைச் சில காலம் பொறுப்பேற்று நடத்தினார். அவ்விதழோ ஆங்கில இதழ். அதைப் படித்தவர் மிகச் சிலரே. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபின்னரே, எழுத்தறியாத மக்களிடம் செய்தி சொல்வது எத்துணை அரியது என்பதை அவர் நேரில் கண்டார். 1929இல் மதுவிலக்குக்காக விமோசனம் என்னும் திங்களிதழை அங்கிருந்து வெளியிட்டார். பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி அதில் அவருக்குத் துணையாயிருந்தார். கள்ளுக்கடையால் ஒரு குடும்பம் அழிவதைக் கதையாகச் சொல்வதும், ஊரில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்டுப் பொருள் உணரத்தக்க எளிய நடையில் எழுதுவதும் அவர் கைக்கொண்ட முறை. காதுக்கென்று எழுதும் இவ்வித்தையை வானொலி வருமுன்னரே அவர் கற்றுக்கொண்டுவிட்டார் எனலாம்.

1930ஆம் ஆண்டு வேதாரணிய உப்புப் பயணத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தொண்டர்களுடன் நடக்கத் தொடங்கினார். தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், நாளிதழ்களிலும் துண்டறிக்கைகளிலும் தண்டோராவிலும் எச்சரித்தார். பயணத்தை அதுவரை அறியாதவரும் அந்த எச்சரிக்கையால் அறிந்துகொண்டனர்! காங்கிரசு செலவிட்டுச் செய்யவேண்டிய விளம்பரத்தை அரசாங்கமே செய்து கொடுத்தது. அச்சத்தை ஊட்ட அனுப்பப்பட்ட செய்தி ஆர்வத்தை ஊட்டியது. மறைவாக உணவளித்தோர் பலர். ஒரு செய்தி புறப்படும் இடத்தில் ஒரு பொருளும், சென்று சேரும் இடத்தில் வேறொரு பொருளும் கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது.

நிற்க. இதற்குள் சென்னையில் வானொலி முளைவிட்டிருந்தது. 1924ஆம் ஆண்டு ஆர்வலர் சிலர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி அவ்வாண்டே ஒலிபரப்பினர். பொருள் முட்டுப்பாட்டால் அது 1927இல் நின்றது. அக்கருவிகளைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்து நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. அண்டை நாடான மைசூரில் பேராசிரியர் கோபாலசாமி என்பார் 1935இல் தனி நிலையம் ஒன்றைத் தம் முயற்சியால் அமைத்து, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டார். பின்னர் அகில இந்திய வானொலி முழுவதற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று.

1937ஆம் ஆண்டு ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சரானார். அவர் ஆட்சிக் காலத்தில்தான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாளும் பணி தொடங்கின. ஆனால் அவருடைய தலையாய திட்டமாகிய மதுவிலக்கு அதற்கு முன்பே, 1937 அக்டோபர் 1ஆம் நாள், சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே மதுவிலக்குச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுசென்றவை பொதுக்கூட்டமும் தண்டோராவும் தொண்டர்களின் கால்களுமே.

வானொலி வந்தவுடன் எல்லாம் மாறிவிட்டதாக நாம் எண்ணிவிடலாகாது. 1947ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபோது இந்தியா முழுவதிலும் இருந்த வானொலி நிலையங்கள் ஆறு. வானொலிப் பெட்டிகள் ஏறத்தாழ 2,75,000. ஆயிரம் பேருக்கு ஒரு பெட்டி வீதங்கூட இல்லை. பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும். மின்சாரம் எட்டாத ஊரில் மின்கல அடுக்கு வேண்டும். செய்தித்தாளின் நிலையும் இதனினும் மேலானதன்று. 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெண்மர்தாம். செய்தித்தாளைத் தடுத்தது எழுத்தறியாமை. வானொலியைத் தடுத்தது வறுமை. ஊராட்சிப் பூங்காவில் பொது வானொலிப் பெட்டி வைத்துத் தெருவுக்கே ஒலிபெருக்கும் வழக்கம் பரவிய பிறகுதான் இரண்டாம் தடை சற்றுத் தளர்ந்தது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. வானொலி விரைவானது, டில்லியில் மாலையில் நிகழ்ந்ததை அன்றிரவே ஓசூரான் அறிவான். செய்தித்தாள் தொடர்வண்டியிலும் பேருந்திலும் ஏறி மறுநாள் வரும். எழுத்தறியாத கிழவியும் வானொலியைக் கேட்டு உணர்வாள். ஆயினும் பத்து நிமிடச் செய்தியறிக்கையில் ஏறத்தாழ ஆயிரம் சொற்களே அடங்கும். நாளிதழின் ஒரு பக்கத்தில் இருப்பதும் அதில் இராது. கேட்கத் தவறிய வரியை மீண்டும் கேட்க இயலாது. ஐயம் எழுந்தால் நிறுத்தி எண்ணிப் பார்க்க நேரமில்லை. செய்தித்தாளையோ மடித்து வைக்கலாம். நேற்றைய தாளோடு இன்றைய தாளை ஒப்பிட்டுச் சொன்ன சொல் மாறியதா என்று காணலாம். ஆசிரியருக்கு மறுப்பு எழுதலாம். மனம் ஒப்பாவிட்டால் வேறொரு தாளை வாங்கலாம். நம் நாட்டு வானொலியோ நெடுங்காலம் ஒன்றே. அது அரசாங்கத்தின் துறையாக இருந்தது. தொரப்பள்ளித் தண்டோராவைப் போலவே அதனிடமும் எதிர்க்கேள்வி கேட்க வழியில்லை.

இந்த வேறுபாட்டின் வலிமை இராஜாஜியின் முதல் ஆட்சியிலேயே வெளிப்பட்டது. 1938இல் அவர் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். அதனை எதிர்த்தெழுந்த கிளர்ச்சிக்கு வானொலியில் இடம் ஏது? விடுதலை, குடிஅரசு முதலிய ஏடுகளும், பொதுக்கூட்டங்களும், திருச்சிராப்பள்ளி உறையூரிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் பெரும்படையும் அதனை ஊரறியச் செய்தன. எட்டாண்டுகளுக்கு முன் வேதாரணியத்திற்கு நடந்தவர் எம்முறையைக் கையாண்டாரோ, அம்முறையே இப்போது அவருக்கு எதிராகக் கையாளப்பட்டது. இராஜாஜியின் அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது. கட்டாய இந்தி 1940இல் விலக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் வானொலியின் மதிப்பை உயர்த்தியது. அதன் மேல் ஐயத்தையும் வளர்த்தது. இலண்டனிலிருந்து பி.பி.சி. 1941 மே மாதம் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. மறுபுறம் பெர்லினும் டோக்கியோவும் இந்தியருக்கெனப் பேசின. 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அடுத்தது சென்னை என்ற அச்சம் பரவ, மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடினர். எந்தக் குரல் உண்மை, எந்தக் குரல் பகைவனின் சூது என்று பிரித்தறிய எளிய மக்களால் எப்படி இயலும்? அவ்வாண்டு ஆகஸ்டுப் புரட்சியின்போது நாளிதழ்களை அரசு அடக்கவே, பம்பாயில் உஷா மேத்தா முதலிய இளைஞர்கள் காங்கிரசு வானொலியை மறைவாக நடத்தினர். மூன்று திங்களுக்குள் அதுவும் பிடிபட்டது. இராஜாஜி அப்புரட்சியில் சேரவில்லை. முசுலீம் லீக்குடன் உடன்பாடு காணவேண்டும் என்ற தம் கருத்தால் காங்கிரசிலிருந்தும் விலகித் தனித்து நின்றார். வானொலியும் கட்சியும் இல்லாத அவருக்கு அப்போது துணை நின்றவை மேடையும் சிறு வெளியீடுகளும்தாம். கூட்டங்களில் கூச்சலையும் எதிர்ப்பையும் கண்டும் அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இராஜாஜி மேற்கு வங்கத்தின் ஆளுநரானார். வதந்தி ஒன்றே நூறு உயிரைக் குடிக்கும் காலம் அது. கல்கத்தாவில் அமைதி திரும்பக் காந்தியடிகள் செப்டம்பரில் உண்ணாநோன்பு இருந்தபோது இராஜாஜி அங்கே ஆளுநராக இருந்தார். நவம்பரில் மவுண்ட்பேட்டன் பெருமகனார் இலண்டன் சென்றிருந்த இரு வாரங்கள் இராஜாஜியே தலைமை ஆளுநரின் பொறுப்பை வகித்தார். அந்நாட்களுள் ஒன்றான நவம்பர் 12ஆம் நாள், காந்தியடிகள் தம் வாழ்நாளில் முதலும் கடைசியுமாக டில்லி வானொலி நிலையத்திற்குச் சென்றார். குருச்சேத்திரத்தில் கூடாரங்களில் தங்கியிருந்த அகதிகளுக்கு நேரில் செல்ல இயலாமையால் வானொலி வாயிலாகப் பேசினார்.

அடுத்த ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மாலை 5 மணி கடந்து சில நிமிடங்களில் அடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். 6 மணிக்கு வானொலி அச்செய்தியை உலகறியச் சொல்லியது. கொன்றவன் முசுலீம் அல்லன், இந்துவே என்பதையும் உடன் சேர்த்து அறிவித்தது. அந்த ஒரு தொடர் தவறியிருந்தால் அன்றிரவு எத்தனை ஊர்கள் எரிந்திருக்கும் என்று எண்ணவும் நெஞ்சம் நடுங்கும். மறுநாட் காலையில் வரும் நாளிதழால் அந்த உதவியைச் செய்திருக்க முடியாது. விரைவு என்பது ஆரவாரத்திற்கு மட்டுமன்றி உயிர்காப்பதற்கும் உரியது என்பதற்கு அவ்வந்தியே சான்று.

1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை இராஜாஜி தலைமை ஆளுநராக இருந்தார். அப்பதவியில் அமர்ந்த இந்தியர் அவர் ஒருவரே. 1950 ஜனவரி 26ஆம் நாள் குடியரசுப் பிரகடனத்தைப் படித்தவரும் அவரே. பின்னர் வல்லபபாய் படேல் மறையவே உள்துறை அமைச்சரானார். அப்பதவியில் இருந்து 1951இல் அவர் கொண்டுவந்த பத்திரிகைச் சட்டம் நாளிதழ் ஆசிரியர்களின் கடும் எதிர்ப்புக்கு ஆளாயிற்று. வன்முறையைத் தூண்டும் எழுத்தையும் ஆபாச எழுத்தையும் தடுப்பதே நோக்கம் என்றார் அவர். எழுதும் உரிமைக்கே இடர் என்றனர் ஆசிரியர்கள். இதழாசிரியராக இருந்து, எழுத்தையே படைக்கலமாகக் கொண்டு வளர்ந்த ஒருவர் அதற்கு வேலி கட்டியது பொருந்துவதாகத் தோன்றவில்லை. அந்தச் சட்டம் சில ஆண்டுகளே வாழ்ந்தது.

1952இல் மீண்டும் சென்னையின் முதலமைச்சரானார். உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டை அவ்வாண்டே துணிந்து நீக்கிப் பாராட்டுப் பெற்றார். மறு ஆண்டு தொடக்கப் பள்ளிகளில் அரைநாட் படிப்பும், எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலில் பயிற்சியும் என ஒரு திட்டம் வகுத்தார். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். அரசு தந்த பெயரை இன்று யாரும் நினைவு கூர்வதில்லை; மேடைகளும் ஏடுகளும் தந்த பெயரே நிலைத்தது. தந்தையின் தொழிலிலேயே மகன் கட்டுண்டு கிடப்பான் என்ற அச்சம் எளிய பெற்றோர் உள்ளத்தில் வேரூன்றிய பிறகு, அரசின் விளக்கம் எதுவும் எடுபடவில்லை. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார்.

ஆட்சியிலிருந்து நீங்கிய பின்னரே அவருடைய எழுத்து முழு வளமும் பெற்றது எனலாம். கல்கி வார இதழில் இராமாயணத்தைச் சக்கரவர்த்தித் திருமகன் என எழுதினார்; 1958இல் அது சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. எண்பது வயதில், 1959ஆம் ஆண்டு, நேருவின் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். அப்போது வானொலியின் மறுபக்கம் அவருக்கு நன்கு தெரிந்தது. செய்தியறிக்கையில் அமைச்சர்களின் சுற்றுப்பயணமும் சொற்பொழிவும் நாள்தோறும் இடம்பெறும். எதிர்க்கட்சியினர் தம் கொள்கையைத் தேர்தல் காலத்தில் எடுத்துரைக்க வானொலியில் நேரம் ஒதுக்கப்பட்டதில்லை. எனவே அவர் சுவராஜ்யா என்னும் ஆங்கில வார இதழிலும் கல்கியிலும் வாரந்தோறும் எழுதினார். வயதும் நோயும் அவ்வழக்கத்தை எளிதில் நிறுத்திவிடவில்லை. நாட்டின் மூலை முடுக்கெல்லாம் ஒரே நொடியில் ஒலிக்கும் குரல் ஒருபுறம். சில ஆயிரவர் கையில் ஏழு நாட்களுக்கு ஒருமுறை சென்று சேரும் தாள் மறுபுறம். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் தோற்றது நடுவணரசை நடத்திய கட்சியே. முப்பதாண்டுகட்கு முன் இராஜாஜியை எதிர்த்த இயக்கத்தின் வழிவந்த திராவிட முன்னேற்றக் கழகம், இராஜாஜியின் கட்சியையும் துணையாகக் கொண்டு, மேடையாலும் ஏட்டாலும் திரைப்படத்தாலும் வென்றது.

இராஜாஜி 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் சென்னையில் காலமானார். அரசியற் கட்சிகள் தேர்தலின்போது வானொலியில் பேசும் வாய்ப்பு 1977ஆம் ஆண்டுதான் முதன்முதலாகக் கிடைத்தது. அகில இந்திய வானொலி அரசுத் துறையிலிருந்து பிரிந்து, பிரசார் பாரதி என்னும் தனி அமைப்பின்கீழ் வந்தது 1997இல். தொரப்பள்ளியில் அவர் பிறந்த ஓட்டு வீட்டைத் தமிழ்நாட்டரசு நினைவிடமாகக் காத்து வருகிறது. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய பஜகோவிந்தம் இசைத்தட்டின் தொடக்கத்தில் முன்னுரையாக இராஜாஜி ஆங்கிலத்தில் பேசியிருப்பது பதிவாகியுள்ளது. முதுமையால் சற்றே நடுங்கி, எனினும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி வரும் அக்குரலை வானொலி நேயர்கள் பலகாலும் விடியற்காலையில் கேட்டிருக்கின்றனர்.